கொக்கியா, தொங்கலா, அந்தரமா?

கோவை, துணைவசனம் (சப்டைட்டில்) எழுதுபவர்:
வணக்கமுங்க. விமானம் விழுந்து பனிக்காட்டில் மாட்டிக்கொண்டவர்களைப் பற்றிய தொடர் ஒன்று. அதைப் பார்த்தவர்கள் பேசிய காணொளிகளுக்குத் தமிழில் துணைவசனம் வெள்ளிக்கிழமை பொழுதோட போயாக வேண்டும். முட்டி நிற்பது ஒரே சொல்லில்: கிளிஃப்ஹேங்கர். அடுத்து என்ன ஆகுமோ என்று தவிக்கவிட்டு ஒரு பாகத்தைப் பாதியில் அறுக்கிற முடிவு.

மூன்று விதமாக வருகிறது. பெயராக: "அஞ்சாவது எபிசோடு கிளிஃப்ஹேங்கர் தாங்கலை." வினையாக: "மறுபடியும் கிளிஃப்ஹேங்கர் பண்ணிட்டாங்க." மூன்றாவதுதான் வம்பு: "பாறையில ஒருத்தன் நிஜமாவே தொங்குறான், அது கிளிஃப்ஹேங்கர் இல்ல, கூடாரத்துக்கு வெளியே காலடிச் சத்தம் கேட்டுச்சே, அதுதான்." பாறை, முகடு என்று எதை ஒட்டினாலும் இந்த வாக்கியம் குப்புற விழும்.

அளவு: வரிக்கு 42 குறி, இரண்டு வரி, திரையில் அதிகம் போனால் 7 வினாடி. மென்பொருள் நம்மைப் போல எழுத்தை எண்ணாது. 'கு' என்றால் ககரம் ஒன்று, உகரக்குறி ஒன்று. மெய்யின் புள்ளிக்கும் தனிக் கணக்கு. 'கிளிஃப்ஹேங்கர்' நமக்கு 8 எழுத்து, அதற்கு 14.

ஈரோடு:
தொங்குமுடிவு. ஆறெழுத்து, 12 குறி. தூய தமிழ், வினைத்தொகை, ஒற்று மிகுமா என்ற சண்டையும் கிடையாது. முடிந்தது.

நாமக்கல்:
முடியவில்லைங்க. 'தொங்கு சட்டசபை' என்று செய்தித்தாள் பழக்கிவிட்டது, 'முடிவு' என்றால் தேர்தல் முடிவு. இரண்டையும் சேர்த்துப் படிக்கிறவர் யாருக்கும் பெரும்பான்மை கிடைக்கவில்லை என்றுதான் நினைப்பார். அடுத்து யாராவது 'விளிம்புமுடிவு' என்று வருவதற்குள் சொல்லிவிடுகிறேன்: விளிம்புநிலை மக்கள் என்ற வழக்கு அந்த இடத்தைப் பிடித்து வெகுகாலம் ஆகிறது.

பேரூர்:
அம்மணி, தொங்கு என்பதை விடப் பழைய சொல் இருக்கிறது. தூங்கு. தூங்கணாங்குருவி உறங்குகிற குருவியா? கூட்டைத் தொங்கவிடுகிற குருவி. 'தூங்கெயில் எறிந்த தொடித்தோள் செம்பியன்' என்று பழம்பாட்டு சொல்கிற சோழன் அழித்தது வானத்தில் தொங்கிய கோட்டைகளை. ஆடி 18க்கு நம் பக்கம் மரத்தில் கட்டுகிற தூரியும் (ஊஞ்சல்) இந்த வேரில் கிளைத்ததாகவே எனக்குப் படுகிறது. ஆடுவது, அசைவது, நிலத்தில் கால் பாவாமல் இருப்பது எல்லாம் தூங்குதல். உறக்கம் பின்னால் வந்த பொருள். ஆகவே 'தூங்குமுடிவு'.

தொங்குவதே வேண்டாம், உணர்ச்சியைச் சொல்லலாம் என்றால் தொல்காப்பியர் வழி காட்டுகிறார். அச்சத்துக்கு அவர் சொல்லும் நிலைக்களன், அதாவது அது பிறக்கிற இடம், நான்கு: அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. இந்தக் காட்டுத்தொடரில் விலங்கு உண்டு, அணங்கு போல ஒன்று உண்டு, தலைவனாகி மிரட்டுகிறவனும் உண்டாமே. பசி அச்சத்தில் சேராது. வறுமை என்று அழுகையின் கீழ் போகும். ஆனால் பாதியில் அறுத்துவிட்டால் பார்ப்பவருக்கு வருவது அச்சம்கூட இல்லை. எண்ணான்கு, அதாவது முப்பத்திரண்டு, மெய்ப்பாடுகள் என்று தனியே அடுக்குகிறாரே, அங்கே ஐயம் இருக்கிறது, நடுக்கு இருக்கிறது. 'ஐயநடுக்கு' எப்படி?

திருப்பூர்:
ஐயா, 'தூங்குமுடிவு' என்று போட்டால் பார்த்தவர் தூங்கிவிட்டார் என்று அர்த்தம். பனிக்காட்டுத் தொடரில் 'நடுக்கு' இன்னும் மோசம். உடல்வெப்பம் 35 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கினால் வருகிற நடுக்கத்தைப் பற்றியே அந்தக் காணொளிகளில் பாதிப் பேச்சு இருக்கும். நடுக்கம் நின்றால் தேறிவிட்டான் என்று சிலர் நினைப்பார்கள். வெப்பம் இன்னும் கீழே போய்விட்டது என்பதே உண்மை. அந்த இடத்தில் கலைச்சொல்லும் நடுங்கினால் எது எதுவென்று யாருக்குத் தெரியும்?

பொள்ளாச்சி:
தாமஸ் ஹார்டி 1872-73இல் எழுதிய தொடர்கதையில் ஒருவன் செங்குத்துப் பாறையில் தொங்கும்போது ஒரு பகுதியை நிறுத்தினார். ஆங்கிலச் சொல்லுக்கு அதை மூலமாகப் பலர் காட்டுகிறார்கள். சொல் பரவியதென்னவோ 1930களில், வாராவாரம் திரையிட்ட தொடர்படங்களால். இன்று யாரும் பாறையை நினைத்துக்கொண்டு சொல்வதில்லை. நாமும் படத்தை மொழிபெயர்க்க வேண்டாம். "அந்தரத்துல உட்டுட்டாங்க" என்று ஊரே சொல்கிறது. அந்தரமுடிவு: 11 குறி.

ஈரோடு:
அந்தரம் வடசொல்.

பொள்ளாச்சி:
தொல்காப்பியர் சொன்னபடி 'வடவெழுத்து ஒரீஇ', வடவெழுத்தை விட்டு நீங்கி வந்த சொல். 'கடிசொல் இல்லைக் காலத்துப் படினே': காலத்தோடு வந்து பழகிவிட்டால் விலக்க வேண்டிய சொல் இல்லை. கிளிஃப்ஹேங்கரில் ஃ, ஹே இரண்டையும் பொறுப்பீர்கள், அந்தரம் மட்டும் ஆகாதுங்களா?

ஈரோடு:
அதையும் பொறுக்கவில்லை. அதற்குத்தானே இந்த விவாதம்.

காங்கேயம்:
அண்ணன்மார் கதையை உடுக்கடித்து இரவு இரவாகப் பாடுகிறவர்கள் ஒரு ராத்திரியை எங்கே நிறுத்துவார்கள்? அந்த இடத்துக்கு அவர்களிடம் பேர் இருக்கிறதா? கொம்பன் பன்றி வேட்டையைப் பாதியில் விட்டால் கேட்கிறவன் வீட்டுக்குப் போவானா? யாராவது விசாரித்துச் சொன்னால் இந்த ஆராய்ச்சியெல்லாம் தேவைப்படாது.

பல்லடம்:
கொக்கி. மூன்றெழுத்து, 6 குறி. "கொக்கி போட்டு முடிச்சுட்டாங்க" என்றால் வினையும் ஆச்சு. மூன்றாவது வாக்கியமும் நிற்கும்: "தொங்குறது கொக்கி இல்ல, அந்தக் காலடிச் சத்தம்தான் கொக்கி."

நாமக்கல்:
திரைக்கதை ஆட்கள் ஆரம்பத்தில் ஆளை இழுக்கிற காட்சிக்குக் கொக்கி என்கிறார்கள். தலையிலும் அது, வாலிலும் அதுவா?

பல்லடம்:
வாலில் போட்டால் வால்கொக்கி. வேண்டியவர்கள் வைத்துக்கொள்ளுங்கள்.

கோவை:
எண்ணிவிட்டேனுங்க. கொக்கிக்கு 5, அந்தரமுடிவுக்கு 4, தூங்குமுடிவுக்குப் பேரூர் ஐயா ஒருவர், ஈரோடு எதற்கும் வாக்குப் போடவில்லை. பேச்சு வரிகளில் கொக்கி, தலைப்பு அட்டையில் அந்தரமுடிவு என்று அனுப்பப் போகிறேன். ஒரே ஒரு உறுத்தல்: ஏழாம் பாகத்தைப் பற்றிப் பேசும்போது, ஊக்கை வளைத்து மீன் பிடிக்கக் கொக்கி செய்தார்களே என்று ஒருவர் பாராட்டுகிறார். அடுத்த வரியிலேயே நம்ம கொக்கி வருகிறது.

பல்லடம்:
மீன் பிடிக்கிறது கொக்கி இல்லைங்க, தூண்டில் முள். முள் என்றே போடுங்க.

ஈரோடு:
என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளவும்.