ஃபோனிக்கும் டெலிபோனுக்கும் என்ன உறவு?

மாடவிளக்கு: ஆங்கிலத்தில் ஃபேக் (fake), போகஸ் (bogus), ஷாம் (sham), ஸ்பூரியஸ் (spurious), ஃபோனி (phony) எல்லாம் ‘போலி’தான் என்று இங்கே அடித்துவிடுகிறார்கள். பிறந்த கதை தெரிந்தால் இப்படிக் குழப்ப மாட்டோம். ஃபோனி டெலிபோனில் பேசி ஏமாற்றுவதிலிருந்து வந்ததாம்! இல்லை, அது 18ஆம் நூற்றாண்டு லண்டன் எத்தர்களின் சரக்கு என்பதே ஆய்வாளர்கள் பலரின் முடிவு. ஒருவன் தெருவில் மோதிரத்தை நழுவவிடுவான். நீங்கள் பார்க்கும்போது, அப்போதுதான் கண்டெடுத்தவன்போல் குனிந்து எடுப்பான். “தங்கம் சார், பாதி விலை கொடுங்கள், உங்களுக்கே” என்பான். வீட்டுக்குப் போய் உரசினால் முலாம் பூசிய பித்தளை. அந்த மோதிரத்துக்கு அவர்கள் வைத்த பெயர் ஃபானி. ஐரிஷில் மோதிரத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது.

கரிசல்காட்டான்: கதை ஜோர். ஆனால் இன்று ஃபோனி என்பவன் மோதிரத்தையா நினைக்கிறான்? வேரைப் பிடித்துத் தொங்கினால் ஸ்பீஷியஸ் (specious) என்ற சொல்லில் விழுவீர்கள். லத்தீனில் அதற்கு ‘அழகான’ என்று பொருள். ஆங்கிலத்திலும் முதலில் பாராட்டுத்தான். இன்று சொத்தை வாதத்தைச் சொல்கிறோம்.

மாடவிளக்கு: வெளியே அழகு, உள்ளே சொத்தை. அழகு எங்கே போய்விட்டது? நீங்களே எனக்குச் சாட்சி சொல்கிறீர்கள். ஸ்பூரியஸைப் பாருங்கள். லத்தீனில் முறைதவறிப் பிறந்த பிள்ளை. அதாவது தகப்பன் பெயர் தப்பு. நம் 1940 மருந்துச் சட்டத்தில் கலப்பட மருந்துக்கு 17ஏ, ஸ்பூரியஸுக்கு 17பி என்று தனித்தனிப் பிரிவு. ஒரு கம்பெனி செய்யாத மாத்திரையில் அதன் பெயரை ஒட்டினால் 17பி.

கரிசல்காட்டான்: அதே 17பியில், ஒரு மருந்துக்குப் பதில் வேறு மருந்தை வைத்தாலும் ஸ்பூரியஸ் என்று இருக்கிறதே, அதை ஏன் விட்டீர்கள்? அங்கே தகப்பன் எங்கே வந்தான்? போகஸுக்கு வாருங்கள். 1827இல் ஒஹையோவில் கள்ளநாணயம் அடிக்கும் இயந்திரத்துக்குப் பெயராக அச்சில் வருகிறது. அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்பது வெறும் ஊகம். 1857இல் பாஸ்டன் பத்திரிகை ஒன்று, போர்கீஸ் என்ற மோசடிக்காரனின் பெயர் மருவியது என்று எழுதியது. அவன் ஆட்டம் போட்டது 1830களில் என்பதும் அந்தக் கதையிலேயே இருக்கிறது! வேர் தெரியாமலே உலகம் போகஸைச் சரியாகத்தான் சொல்கிறது.

நூலகத்துப் பூனை: ஒரு சின்ன விஷயம். ‘ஷாம் மேரேஜ்’ என்றால் பதிவு, சான்றிதழ் எல்லாம் அசல். விசாவுக்காகச் செய்த கல்யாணம் என்பதுதான் வில்லங்கம். சான்றிதழையே அச்சடித்துக்கொண்டு வந்தால் அது ஃபேக். இரண்டையும் மாற்றிச் சொன்னால் வழக்கே வேறு.

கரிசல்காட்டான்: அருமை. ஷாமுக்கும் உறுதியான வேர் கிடையாது. ‘ஷேம்’ (shame, வெட்கம்) திரிந்ததாக இருக்கலாம் என்கிறார்கள், அவ்வளவுதான். பொருள் மட்டும் கத்திபோல் கூர்மை.

மாடவிளக்கு: ஷாமுக்குத் தகப்பன் கிடைக்கவில்லை என்பதற்காக ஸ்பூரியஸின் தகப்பனையும் மறைக்கச் சொல்கிறீர்களா? பழைய சுவடியை வேறொருவர் பெயரில் ஏற்றினால் பதிப்பாசிரியர்கள் இன்றும் ஸ்பூரியஸ் என்றுதான் எழுதுகிறார்கள், போகஸ் என்று எழுதுவதில்லை. அதற்குப் பதில் சொல்லுங்கள், அப்புறம் மற்றது.