புதுப்பிப்பு: தவணை கட்ட முடியவில்லை என்று வங்கியிடம் சொன்ன பிறகு

வேலை போய்விட்டது, தனிநபர் கடன் தவணையும் கிரெடிட் கார்டு பாக்கியும் நிற்கிறது, எப்படிப் பேசுவது என்று முன்பு கேட்டிருந்தேன். "போனுக்கு ஒளியாதீர்கள், எழுத்தில் கேளுங்கள்" என்றீர்கள். அப்படியே செய்தேன்.

மின்னஞ்சலில் புலம்பல் எதுவும் இல்லை. வருமானம் நின்ற தேதி, செலவு போக மிஞ்சுவது, மாதாமாதம் நிச்சயம் கட்டக்கூடியது, அவ்வளவுதான். வங்கி தவணைக் காலத்தை நீட்டித்தது. மொத்த வட்டி கூடும்; தெரிந்துதான் ஒப்புக்கொண்டேன்.

கார்டு பக்கம்தான் இழுபறி. "இன்றே பாதி கட்டினால் மீதியை விட்டுவிடுகிறோம் சார்" என்றார் வசூல் ஆள். "சரி, அதையே கடிதமாக அனுப்புங்கள்" என்றேன். வந்த கடிதத்தில் மீதி தள்ளுபடி என்ற பேச்சே இல்லை! 'பகுதித் தொகை' என்று மட்டும் இருந்தது. கட்டியிருந்தால் பணமும் போயிருக்கும், பாக்கியும் நின்றிருக்கும். திருத்திய கடிதம் வரும்வரை கட்டப்போவதில்லை. (பாதி மட்டும் கட்டி முடித்த கணக்கு, நம் கடன் வரலாற்றைக் காட்டும் கடன் அறிக்கையில் உறுத்தத்தான் செய்யும். இருக்கட்டும்.)

அப்புறம், ஒவ்வொரு அழைப்புக்கும் தேதி, நேரம், பேசியவர் பெயர் எழுதி வைக்கச் சொன்னவருக்குத் தனி நன்றி. "அப்படி யாரும் சொல்லவில்லையே" என்று அடுத்த ஆள் கையை விரித்தபோது அந்த நோட்டுதான் கைகொடுத்தது.