ஒரோமோ வீடுகளில் கேட்ட பஞ்சக் கதைகள்: எத்தியோப்பியாவில் இருந்தவர்கள் எழுதுங்கள்

முதல் பதிவு

எத்தியோப்பியா என்றால் நம் ஊரில் இன்னும் பஞ்சம்தான் முதலில் ஞாபகத்துக்கு வருகிறது. எலும்பும் தோலுமாக ஒரு குழந்தை, பாளம் பாளமாக வெடித்த நிலம். 2009இல் ஹரார் பக்கம் ஒரு பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தக் கிளம்பியபோது என் மனதிலும் அந்தப் படம்தான் இருந்தது. போய் இறங்கினால் பச்சைப் பசேலென்ற மேட்டு நிலம். சோளம் ஆள் உயரத்துக்கு மேல் நின்றது. நடுநடுவே காப்பிச் செடி. இந்த மண்ணிலா ஜனங்கள் பட்டினி கிடந்தார்கள் என்று நம்பவே முடியவில்லை. பதில் சொன்னவர் என் மாணவன் ஒருவனுடைய பாட்டி.

விடுமுறைக்கு அவன் தன் ஊருக்குக் கூட்டிப் போனான். எத்தியோப்பியாவின் பெரிய இனமான ஒரோமோக்களின் மொழியில் பாட்டியை 'அக்கோ' என்பார்கள். நம் அக்கா மாதிரியே கேட்பதால் எனக்கு உடனே வாயில் ஒட்டிக்கொண்டது. போனதும் குடிக்கக் கொடுத்தார். காப்பிதான், ஆனால் கொட்டையில் போட்டதில்லை. கொட்டையை விற்றுவிட்டு, அதன் தோலைப் பாலும் உப்பும் சேர்த்துக் காய்ச்சிய பானம். காப்பி பிறந்த தேசத்தில், அதை விளைவிக்கிற வீட்டில் அப்படித்தான் குடிக்கிறார்கள்.

மறுநாள் காலையில் தானியக் குழியைத் திறந்தார்கள். நம் பக்கம் குதிர் மாதிரி, அங்கே சோளத்தை மண்ணுக்குள் வைப்பார்கள். வாய் குறுகல், உள்ளே போகப்போகக் குடம் போல அகலம். மேலே கல் வைத்து மண் மூடியிருந்தது. மூடியை எடுத்ததும் ஒருவரும் உள்ளே இறங்கவில்லை. உள்ளே கெட்ட காற்று நிற்கும், ஆளைக் கொன்றுவிடும் என்றான் பையன். ரொம்ப நேரம் சும்மா காத்திருந்தோம். புளித்த மாவு மாதிரி ஒரு வாடை மெல்ல எழுந்து வந்தது. அந்தக் காத்திருப்பில்தான் அக்கோ குழி ஓரமாக உட்கார்ந்து 1985ஆம் வருஷத்துக் கதையைச் சொன்னார். பேரன் ஆங்கிலத்தில் எனக்குச் சொன்னான்.

அதற்கு முந்தின வருஷம் மழை குறைவுதான். ஆனால் அதைவிட மோசமான வருஷங்களையும் இந்தக் குழியை வைத்தே தாண்டியிருக்கிறோம் என்றார். தாண்ட முடியாமல் போனது அதிகாரிகள் வந்த பிறகு. அன்றைய ஆட்சியாளர் மெங்கிஸ்துவின் ராணுவ அரசு, டெர்க் என்பார்களே, அது ஹராரைச் சுற்றிய ஹரார்கே மாகாணத்தில் கிராமங்களை ஒன்றுசேர்க்கும் திட்டத்தைத் தொடங்கிய நேரம். அங்கே அவரவர் வயலுக்குப் பக்கத்தில்தான் அவரவர் வீடு இருக்கும். எல்லாவற்றையும் பிரித்து ஒரே இடத்தில் வரிசையாகக் கட்டச் சொன்னார்கள். அக்கோவும் அவர் கணவரும் சொந்த வீட்டின் கம்பையும் கூரையையும் முதுகில் சுமந்து போயிருக்கிறார்கள். கயிறு பிடித்து முளை அடித்து வைத்திருந்த இடத்தில் திரும்ப நட்டிருக்கிறார்கள். 1986க்குள் ஹரார்கேயில் மட்டும் 20 லட்சம் பேருக்கு மேல் இப்படி இடம் மாற்றப்பட்டார்கள்.

வீடு மாறினால் பஞ்சம் எப்படி வரும் என்று கேட்டேன். சோளக்காட்டைப் பார்த்தவர்களுக்கு அது கேள்வியே இல்லை. கதிர் பால் பிடிக்கும்போது பறவை வரும், முற்றும்போது குரங்குக் கூட்டம் வரும். பரண் மேல் கவணோடு யாராவது பகலெல்லாம் உட்கார்ந்திருக்க வேண்டும். வள்ளி தினைப்புனம் காத்த கதை நமக்குத் தெரிந்ததுதானே. வயல் வாசலில் இருக்கும்போது அதைக் குழந்தைகள் செய்துவிடுவார்கள். புது வீட்டிலிருந்து வயலுக்கு ஒன்றரை மணி நேர நடை. அதுவும் அனுமதி வாங்கிப் போய், இருட்டுவதற்குள் திரும்பிவிட வேண்டும். விளைந்ததில் பாதியைக் குரங்கு தின்றது. மாடும் வீட்டோடு போய்விட்டதால் வயலுக்கு எரு இல்லை. குழிகள் பழைய இடத்திலேயே தங்கிவிட்டன.

ஒரே இடத்தில் இருந்தால் பள்ளி, தண்ணீர், மருந்து கொடுக்கலாம் என்று அரசாங்கம் சொன்னது. ஆனால் 1977-78இல் சோமாலியாவோடு போர் நடந்த பகுதி அது. ஒரோமோ கிளர்ச்சிக்காரர்களும் மலைகளில் இருந்தார்கள். அவர்களுக்கு யாரும் ஒரு கை மாவு கொடுக்கக் கூடாது, யார் எங்கே போகிறார் என்பது கண்ணில் பட வேண்டும், அதற்குத்தான் இந்த வரிசை வீடு என்று ஊரே புரிந்துகொண்டது. பல்லாயிரம் பேர் எல்லை தாண்டி சோமாலியாவுக்கு ஓடினார்கள். அக்கோவின் தம்பியும் ஓடினார். அங்கே துக் வஜாலே அகதி முகாமில் அவரைப் பார்த்ததாக யாரோ சொன்னது கடைசித் தகவல். எனக்குச் சொல்லும்போது இருபத்தைந்து வருஷம் ஆகியிருந்தது. தம்பியைப் பற்றி நிகழ்காலத்தில்தான் பேசினார்.

உங்களில் யாராவது இப்படிக் கேட்டிருந்தால் எழுதுங்கள்.

மறுமொழி 1

என் அப்பா 1968 முதல் 1974 வரை எத்தியோப்பியாவின் அர்ஸிப் பகுதியில், அசெல்லா ஊரில் கணக்கு வாத்தியார். மன்னர் ஹைலே செலாசி காலத்தில் இந்தியாவிலிருந்து நிறைய ஆசிரியர்கள் போனார்கள், தெரிந்திருக்கும். நீங்கள் சொன்ன கதைக்கு முந்தைய அத்தியாயம் அப்பா சொன்னது.

1880களில் மன்னர் மெனெலிக்கின் படை அர்ஸி ஒரோமோ நிலத்தைப் பிடித்தது. பிடித்த நிலத்தைத் துப்பாக்கிக்காரர்களுக்கும் தலைவர்களுக்கும் பங்கு போட்டார்கள். உழுதவன் தன் நிலத்திலேயே குத்தகைக்காரனானான். அவனுக்குப் பெயர் 'கப்பர்'. கப்பம் கட்டுகிறவன் கப்பர் என்று அப்பா சுலபமாக ஞாபகம் வைத்துக்கொண்டாராம். விளைச்சலில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிவரை நிலக்காரருக்கு. அப்புறம் பத்தில் ஒன்று வரி. பண்டிகைக்குத் தேன், நிலக்காரர் வீட்டு வேலிக்குக் கூலியில்லா உழைப்பு, அவருடைய பங்கைத் தன் கழுதை மேலேயே ஏற்றிக்கொண்டு போய் இறக்குவது வேறு. ஆக, நல்ல வருஷத்திலேயே வீட்டில் மிச்சம் இருக்காது.

அப்பா அடிக்கடி சொன்னது கோதுமை விஷயம்தான். 1967இல் சுவீடன் உதவியோடு அங்கே ஒரு வேளாண் திட்டம் வந்தது. நல்ல விதை, உரம் எல்லாம் கொடுத்தார்கள். கோதுமை அமோகமாக விளைந்தது. இவ்வளவு லாபம் வருகிறதே என்று நிலக்காரர்கள் டிராக்டர் வாங்கி, குத்தகைக்காரர்களை வெளியேற்றினார்கள். விளைச்சல் ஏறிய வருஷத்தில்தான் அப்பாவின் வகுப்பில் பையன்கள் ஒவ்வொருவராக நின்றுபோனார்கள். விசாரித்தால், குடும்பமே ஊரை விட்டுப் போய்விட்டது என்பார்களாம். ஒரு பையன் மட்டும் கணக்கு நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று வந்திருக்கிறான். பாதி நோட்டு எழுதாமல் இருந்தது. 'நீயே வைத்துக்கொள்' என்று அப்பா சொல்லியிருக்கிறார். அந்த முகத்தைக் கடைசிவரை மறக்கவில்லை.

1973இல் வடக்கே வொல்லோவில் பெரும் பஞ்சம். செத்தவர்களில் ஒரோமோ, அம்ஹாரா, அஃபார் எல்லோரும் உண்டு. அதை வெளியில் சொல்லாமல் அரசு மூடி வைத்தது. பொருளாதார அறிஞர் அமர்த்தியா சென் பிறகு ஆராய்ந்து எழுதினார்: நாட்டின் மொத்த விளைச்சல் அந்த வருஷம் பெரிதாக விழவில்லை, வொல்லோவின் தலைநகரான டெஸ்ஸேயின் சந்தையில் விலையும் அதிகம் ஏறவில்லை, வாங்க ஜனங்களிடம் காசில்லை, அதனால் வொல்லோவிலிருந்தே தானியம் வெளியூருக்குப் போனது. பஞ்சக் காட்சிகளையும் அரண்மனை விருந்தையும் மாற்றி மாற்றித் தொலைக்காட்சியில் காட்டிவிட்டு, மறுநாள், 1974 செப்டம்பர் 12இல், ராணுவத்தினர் மன்னரை இறக்கினார்கள்.

1975 மார்ச்சில் உழுதவனுக்கே நிலம் என்று சட்டம் வந்தது. அப்பா ஊர் திரும்பிவிட்டார். ஒரு பழைய மாணவர் எழுதிய கடிதத்தில், எங்கள் வீட்டில் முதல் தடவையாக முழுக் களத்தையும் நாங்களே அள்ளினோம் என்று இருந்தது. அந்தக் கடிதம் இன்னும் எங்கள் பீரோவில் இருக்கிறது. பத்து வருஷத்தில் அந்த வீட்டுக்கும் அரசின் கட்டாயத் தானியக் கொள்முதல் வந்திருக்கும் என்று நினைத்தால் மனது தாங்கவில்லை.

மறுமொழி 2

நான் 2011 முதல் 2014 வரை வொல்லேகாவில், நெகெம்தே பக்கம். மேற்குப் பகுதி. மழைக்குக் குறைவே கிடையாது, செம்மண், மக்காச்சோளம். அங்கே நாங்கள் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரருக்கு 1985இல் பன்னிரண்டு வயது.

வடக்கே பஞ்சம் என்று சொல்லி, 1984க்கும் 1986க்கும் நடுவில் ஏறக்குறைய 6 லட்சம் பேரை வொல்லோ, டிக்ராய், ஷெவாவிலிருந்து அரசு தெற்குக்கும் மேற்குக்கும் கொண்டு வந்தது. சோவியத் விமானத்தில் நெருக்கி அடைத்தும், பஸ்ஸிலும். நிறையப் பேர் விருப்பப்பட்டு வரவில்லை. வடக்கே கிளர்ச்சி நடந்த இடங்களில் ஆளைக் குறைப்பதும் ஒரு நோக்கம். வருகிறவர்களுக்குக் குடிசை கட்டும் வேலை உள்ளூர் ஒரோமோ விவசாயிகள் தலையில் விழுந்தது. உழவு நேரத்தில் மரம் வெட்டி, புல் அறுத்து, குடிசை போட்டார்கள். நிலமும் போனது, தானியமும் கொடுக்க வேண்டியிருந்தது. வீட்டுக்காரரின் அப்பா தன் உழவு மாட்டில் ஒன்றைக் கொடுத்தார். ஒற்றை மாட்டை வைத்துக்கொண்டு என்ன உழுவது? அடுத்த வருஷம் பாதி நிலம் தரிசு.

வந்தவர்கள் குளிர்ந்த மலைநாட்டு ஜனங்கள். மலேரியாவைத் தாங்க முடியாமல் கொத்துக் கொத்தாக இறந்தார்கள். அவர்களைப் பற்றி வீட்டுக்காரர் ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை. பக்கத்துக் குடிசையில் ஒரு பெண் ராத்திரியெல்லாம் குளிர்ஜுரத்தில் நடுங்கியதையும், அவருடைய அம்மா அந்தப் பெண்ணுக்குக் கஞ்சி கொண்டு போனதையும் சொன்னார். பஞ்சத்துக்கு மருந்து என்று செய்த காரியம், பஞ்சமில்லாத ஊருக்கும் பசியைக் கொண்டுவந்தது.

மறுமொழி 3

அடிஸ் அபாபாவிலிருந்து ஹராருக்குப் பஸ்ஸில் போனவர்கள் மெதெஹாராவைக் கவனித்திருப்பீர்கள். ஒரு பக்கம் கண்ணுக்கெட்டும் தூரம் கரும்பு, மறுபக்கம் கறுத்த எரிமலைப் பாறை. அந்தப் பாறை மேட்டில் ஒட்டகத்தோடு நிற்பவர்கள் கரயு ஒரோமோக்கள். கோடையில் அவர்களுடைய மாடுகளைக் காப்பாற்றியது அவாஷ் ஆற்றங்கரைப் புல்தான். 1960களில் அந்தக் கரை கரும்புக்கும், அப்புறம் வனவிலங்குப் பூங்காவுக்கும் போனது. மழை பொய்த்தால் மாட்டை ஓட்டிப்போக இடம் இல்லை. பஸ் டீக்கு நிற்கும்போது ஒரு பெரியவர் கைத்தடியால் கரும்பைக் காட்டி ஏதோ சொன்னார். மொழி தெரியாததால் தலையை மட்டும் ஆட்டினேன்.

மறுமொழி 4

நான் அங்கே போனதில்லை சார். சந்தேகம்தான் கேட்கிறேன். அந்தக் கட்டாயக் கொள்முதல் எப்படி நடந்தது? அப்புறம், கெட்ட காற்று வரும், வாடை அடிக்கும் என்றால் இன்னும் ஏன் குழி? மூட்டையில் போட்டு வீட்டுக்குள் வைக்கலாமே?

முதல் பதிவு எழுதியவர்

கொள்முதலுக்கென்று 1976இல் அரசு ஒரு வேளாண் சந்தைக் கழகம் தொடங்கியது. ஒவ்வொரு ஊர் விவசாயிகள் சங்கமும் இத்தனை குவிண்டால் கொடுத்தாக வேண்டும் என்று மேலிருந்து எண்ணிக்கை வரும். சந்தை விலையில் பாதிகூடக் கிடைக்காது. தானியம் இல்லாதவர் ஆட்டை விற்று, சந்தையில் அதிக விலைக்கு வாங்கி, அரசாங்கத்துக்குக் குறைந்த விலைக்குக் கொடுக்க வேண்டும். அக்கோவின் கணவர் இரண்டு வருஷம் அப்படிச் செய்திருக்கிறார். ஒரு ஊரில் மிஞ்சியதைப் பக்கத்து மாவட்டத்துக்குக் கொண்டு போய் விற்கவும் முடியாது, சாலையில் சோதனைச் சாவடி. 1990 மார்ச்சில் மெங்கிஸ்து கொள்கையை மாற்றிக் கட்டாயத்தை விட்டதும், ஜனங்கள் அந்த வரிசை வீடுகளைப் பிரித்து எடுத்துக்கொண்டு பழைய இடத்துக்கே திரும்பினார்கள். அக்கோ திரும்பி வந்து பார்த்தபோது பழைய குழி இடிந்து மண் மூடிக் கிடந்திருக்கிறது. இப்போது இருப்பது அதற்குப் பிறகு வெட்டியது.

மூட்டையில் வைக்கலாமே என்று நானும் அன்றைக்கே கேட்டேன். அக்கோ சிரிக்கவில்லை. மூட்டையை வாசலில் நின்றபடியே எண்ணிவிடுவார்கள் என்றார்.