அறுவைக்கு முன் ஆறு வாரங்கள்

குடல் அழற்சியால் புண்ணாகும் க்ரோன்ஸ் நோயோடு ஒன்பது வருடம் ஓட்டிய பிறகு, எனக்கு அறுவை சிகிச்சைதான் வழி என்று முடிவானது. சிறுகுடலின் கடைசிப் பகுதி சுருங்கிப் போயிருந்தது, பக்கத்தில் ஒரு சீழ்க்கட்டி வேறு. நாளைக்கே வெட்டி எடுத்துவிடுங்கள் என்று சொல்லத்தான் போனேன். மருத்துவர் ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துவிட்டு, "இந்த உடம்போடு குடலை வெட்டி இணைத்தால் தைத்த இடம் கசிந்துவிடும். ஆறு வாரம் கொடுங்கள்" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஆறு மாதத்தில் 61 கிலோவிலிருந்து 50க்கு இறங்கியிருந்தேன். ஹீமோகுளோபின் 8.2, ரத்தத்திலுள்ள புரதமான ஆல்புமின் 2.6, இரண்டுமே குறைவு. மூன்று மாதமாகத் தினமும் 30 மில்லிகிராம் ப்ரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு. முதலில் ஸ்கேன் பார்த்துக்கொண்டே ஊசி வழியாகக் குழாய் வைத்துச் சீழை வடித்தார்கள். இரும்புச்சத்தை மாத்திரையாகத் தராமல் நரம்பில் ஏற்றினார்கள். புண்ணாகிக் கிடக்கும் குடல் மாத்திரையைச் சரியாக உறிஞ்சாதாம். ஸ்டீராய்டைப் படிப்படியாகக் குறைத்தார்கள். அதை நாமாகச் சட்டென்று நிறுத்தவே கூடாது. உடம்பு தானாகச் சுரக்க வேண்டியதை மறந்து போயிருக்கும்.

கஷ்டம் சாப்பாட்டில்தான். ஆறு வாரமும் சத்துத் திரவம் மட்டும், மெல்லுகிற எதுவும் கிடையாது. நீண்ட நாள் வாடிய உடம்புக்கு திடீரென்று சத்து போனால் ரத்தத்தில் பாஸ்பேட், பொட்டாசியம் எல்லாம் ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும் என்பதால் கொஞ்சமாக ஆரம்பித்து, முதல் வாரம் அடிக்கடி ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். நான்காம் நாள் வீட்டில் எல்லோரும் சாப்பிடும் சத்தம் கேட்டு, கதவைச் சாத்திக்கொண்டு படுத்தேன். அடுத்த நாளிலிருந்து என் மனைவி எனக்குக் கேட்காதபடி அடுத்த வீட்டில் போய்ச் சாப்பிட்டு வந்தாள். திரவத்தை நன்றாகக் குளிரவைத்துக் குழல் வைத்து மெதுவாகக் குடித்தால் அந்த இனிப்பு அவ்வளவாகக் குமட்டாது. மூன்றாம் வாரம் ஒரு இரவு வலியில்லாமல் விடியும்வரை தூங்கினேன். அப்போதுதான் கோபம் போனது.

அறுவைக்குப் போகும்போது ஆல்புமின் 3.4, எடை 54, ஸ்டீராய்டு 5 மில்லிகிராம். ஒரே அறுவையில் இணைத்துவிட்டார்கள், வயிற்றில் துளை வைத்து மலம் சேர ஒட்டும் பை தேவைப்படவில்லை. எல்லோருக்கும் இப்படி அமையும் என்று சொல்லமாட்டேன்.

* * *

படிக்கும்போது கண் கலங்கிவிட்டது, அண்ணா. என் மகளுக்கு ஆறு வாரம் கிடைக்கவில்லை. அவளுக்கு அல்சரேட்டிவ் கொலைட்டிஸ், பெருங்குடல் புண்ணாகும் நோய். நரம்பில் ஏற்றிய ஸ்டீராய்டும் கேட்கவில்லை, அடுத்த மருந்தும் கேட்கவில்லை. பெருங்குடலை எடுத்தே ஆகவேண்டும் என்றார்கள். அந்த நிலையிலும் ரத்தம் உறையாமல் இருக்க தினமும் ஊசி போட்டார்கள். ரத்தமாகப் போகிற பிள்ளைக்கு இது எதற்கு என்று நான் சண்டையே போட்டேன். குடல் அழற்சி கடுமையாக இருக்கும்போது கால் நரம்பில் ரத்தம் உறைந்து நுரையீரலுக்குப் போகும் ஆபத்து கூடுதல் என்று பொறுமையாக விளக்கினார்கள்.

அறுவைக்கு முந்தின நாள் மாலை, ஸ்டோமாவை, அதாவது மலம் பைக்குள் வெளியேற வயிற்றில் வைக்கும் துளையை, கவனிக்கும் சிஸ்டர் ஒரு மார்க்கர் பேனாவோடு வந்தார். அவளைப் படுக்கச் சொன்னார், உட்காரச் சொன்னார், நிற்கச் சொன்னார், குனியச் சொன்னார். மடிப்பு விழும் இடத்தையும் உடை இறுக்கும் இடத்தையும் தவிர்த்து ஒரு புள்ளி வைத்தார். "உன் கண்ணுக்குத் தெரிகிறதா பார், நாளைக்கு நீதானே மாற்றப்போகிறாய்" என்றார். பிறகு ஒரு பையில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி அந்த இடத்தில் ஒட்டிவிட்டார். இரவு முழுக்க அதோடு நடந்து பார்த்தாள். மயக்கம் தெளிந்ததும் அவள் முதலில் கேட்டது, "அதே இடத்தில்தான் வைத்தார்களா?" என்றுதான். அதே இடத்தில்தான் இருந்தது. அறுவை முடிவானவர்கள் இந்தப் புள்ளியைக் கேட்டு வாங்குங்கள்.

* * *

என் தம்பிக்கு க்ரோன்ஸ். தேதி குறித்துவிட்டார்கள். சிகரெட்டை நிறுத்தச் சொன்னதும் முறைத்தான். வெட்டி எடுத்த பிறகும் நோய் அதே இணைப்பில் திரும்பி வர சிகரெட் பெரிய காரணம் என்று மருத்துவர் சொன்னதும்தான் விட்டான். குடல் அழற்சியை அடக்கப் போடும் பயாலஜிக் ஊசியை நாங்களாகவே தள்ளிப்போட இருந்தோம். கேட்காமல் நிறுத்தாதீர்கள் என்றார், அவனுக்குத் தொடரவே சொன்னார். இந்தத் திரவ உணவு பற்றி இப்போதுதான் தெரிகிறது, நாளை கேட்டுவிடுகிறேன். இன்னும் 33 நாள் இருக்கிறது.