எச்37ஆர்ஏ ஏன் நோய் உண்டாக்குவதில்லை?

நுண்ணுயிரியல் மாணவி:
எச்37ஆர்வி, எச்37ஆர்ஏ என்ற காசநோய்க் கிருமி வகைகள் இரண்டுமே 1905இல் நியூயார்க் மாநிலத்தில் ஒரு காசநோயாளியிடமிருந்து எடுத்த ஒரே கிருமியின் வழிவந்தவை. ஆர்வி எலியைக் கொல்கிறது, ஆர்ஏ சாதுவாகக் கிடக்கிறது. மரபணுக்கள் கிட்டத்தட்ட ஒன்றுதான் என்றால் வீரியம் மட்டும் எங்கே போனது? மரபணு வெளிப்பாடுதான், அதாவது எந்த மரபணு எவ்வளவு வேலை செய்கிறது என்பதுதான் காரணமா?

ஆய்வக ஆள்:
பெரும்பங்கு அதுதான். ஃபோபி என்ற புரதத்தைப் பாருங்கள், அது டிஎன்ஏவில் ஒட்டிக்கொண்டு பல மரபணுக்களை இயக்குகிற மெயின் சுவிட்ச். ஆர்ஏவில் அதன் 219ஆம் இடத்தில் செரின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் லூசின் என்ற இன்னொன்று, டிஎன்ஏவில் மாறியது ஒரே ஓர் எழுத்து. அதனால் எஸ்ப்ஏ மரபணு சரியாக வேலை செய்யாது, அது இல்லாமல் ஈசாட்-6 புரதம் கிருமிக்குள்ளே உருவானாலும் வெளியே வராது. கிருமிகளை விழுங்கும் மேக்ரோஃபேஜ் என்ற நோயெதிர்ப்புச் செல்லுக்குள் சிக்கிய கிருமி தன்னைச் சுற்றியுள்ள சவ்வை உடைக்க ஈசாட்-6 வேண்டும். கிருமியின் செல்சுவரில் உள்ள சல்ஃபோலிப்பிட் என்ற கந்தகம் சேர்ந்த கொழுப்பும் ஃபோபியை நம்பித்தான் இருக்கிறது.

நுண்ணுயிரியல் மாணவி:
சரி, அப்போ நல்ல ஃபோபியைத் திருப்பிக் கொடுத்தால் பழைய வீரியம் வந்துவிடுமா?

ஆய்வக ஆள்:
முழுசாக வராது. ஈசாட்-6 மறுபடி வெளியே வரும், வீரியம் ஓரளவு கூடும், ஆனால் ஆர்வி அளவுக்கு இல்லை. ஆர்ஏவில் வேறு மாற்றங்களும் இருக்கின்றன.

இன்னொருவர்:
பிசிஜி தடுப்பூசிக் கிருமியோடு குழப்பிக்கொள்ளாதீர்கள், அதில் ஈசாட்-6 மரபணுவே கிடையாது. அப்புறம், ஸ்பெயினில் உருவான எம்டிபிவாக் என்ற காசநோய்த் தடுப்பூசிக்காக ஃபோபியை வேண்டுமென்றே நீக்கினார்கள், கூடவே ஃபேட்-டி26 (fadD26) என்ற இன்னொரு மரபணுவையும். இந்த ஆராய்ச்சியில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் அதுதான்.