ஓடைல ஃபோட்டோ எடுக்கப் போய் மறக்க முடியாத சம்பவம் யாருக்காச்சும் இருக்கா? எனக்கு இருக்கு

வேளச்சேரி_ட்ரைபாட்:
நாகலாபுரம், ஆந்திரா பக்கம் இருக்கற மலை ஓடை. ரூட்டு எல்லாருக்கும் தெரியும், ஊத்துக்கோட்டை வழியா போய் பைக்க ஓரங்கட்டிட்டு நடக்கறதுதான். 2017 நவம்பர். ட்ரைபாட் மூணு காலும் தண்ணிக்குள்ள, லென்ஸ்ல 10 ஸ்டாப் என்டி (வெளிச்சத்த குறைக்கிற கருப்பு ஃபில்டர்) மாட்டியிருக்கேன், அத மாட்டுனா வ்யூஃபைண்டர்ல கும்மிருட்டு, அதனால ஃபோகஸ முன்னாடியே லாக் பண்ணிட்டு ரிமோட்ட அமுக்கிட்டு எண்ணிட்டு நிக்கிறேன். தண்ணி வழவழன்னு வர்றதுக்கு ஷட்டர் 30 செகண்ட் தொறந்திருக்கணும். பன்னெண்டு எண்றப்ப கரைல ஆடு மேய்ச்சிட்டிருந்த பெரியவர் கத்துறாரு, "ரா ரா, நீள்ளு வஸ்துன்னாய்"னு. வா வா, தண்ணி வருதுன்னு, அந்தளவு தெலுங்கு எனக்குப் புரியும். புரிஞ்சும் நான் என்ன பண்ணேன் தெரியுமா, ஒரு வெரல தூக்கி ஒரு நிமிஷம்னு காமிச்சேன்.

30 முடிஞ்சுது. நாய்ஸ் ரிடக்‌ஷன் (படத்துல வர்ற புள்ளிகள நீக்குற வசதி) ஆன்ல இருந்ததால கேமரா இன்னொரு 30 செகண்ட் பிஸின்னு காட்டுது, அப்பவும் நகரல. கீழ பாத்தா கால சுத்தி ஓடுற தண்ணி டீ கலர், சருகும் சுள்ளியும் கும்பலா வருது. தலைக்கு மேல நல்ல வெயில், மழை மலைமேல எங்கயோ பேஞ்சிருக்கு. அந்த மனுஷன் வேட்டிய மடிச்சுக் கட்டிட்டு உள்ள எறங்கி வந்து என் பேக் ஸ்ட்ராப்ப புடிச்சு இழுத்தாரு. அறுபதுக்கு மேல இருக்கும். நான் ட்ரைபாட்ட கட்டிப்புடிச்சிட்டே கரையேறி திரும்பிப் பாத்தா, நின்ன பாறைய காணோம். அப்பவும் ஃபிரேம் வந்துச்சான்னுதான் மொதல்ல பாத்தேன்.

குரோம்பேட்டை_77எம்எம்:
தம்பி தப்பா எடுத்துக்காத, ஓடைக்கு 10 ஸ்டாப் எதுக்கு? எனக்கு கொல்லிமலை ஆகாய கங்கைல ஆயிரம் படிக்கு மேல எறங்கிப் போய் ஃபில்டர் கைநழுவி தண்ணில போயிடுச்சு, பளிச்னு ஒரு தடவ மின்னிட்டு போச்சு, அவ்ளோதான் என் கதை. அன்னிக்கு வேற வழியில்லாம வெறும் சிபிஎல்லோட (பளபளப்ப குறைக்கிற போலரைசர் ஃபில்டர்) எடுத்தேன், அதுதான் இன்னிவரைக்கும் என் பெஸ்ட். சிபிஎல்லே ஒண்ணுலேர்ந்து ரெண்டு ஸ்டாப் வெளிச்சத்த (ஒரு ஸ்டாப்னா பாதியாகும்) சாப்பிடும், ஈரப்பாறை மேல அடிக்கிற பளபளப்பையும் எடுத்துடும், பாசி பச்சை அப்படியே நிக்கும். ஐஎஸ்ஓ (சென்சார் உணர்திறன்) 100, லென்ஸ் துளை எஃப் 11, மரநிழல்னா தன்னால கால் செகண்ட் அரை செகண்ட் வந்துடும். அதுல தண்ணிக்கு நரம்பு தெரியும். 30 செகண்ட் வெச்சா ஓடையா பனிமூட்டமான்னு தெரியாது. 10 ஸ்டாப்னா ஆயிரம் மடங்கு வெளிச்சத்த குறைக்குது, அது பீச்சுக்கு வேணா சரி. அப்புறம் ட்ரைபாட் கால தண்ணில வைக்காத, ஓட்டத்துல அதிரும், வேற வழியில்லன்னா நடு கம்பத்த ஏத்தாம வை. கை நடுக்கத்த சரி பண்ற ஸ்டெபிலைசேஷன ஆஃப் பண்ணு. நொரை வெள்ளையா எரிஞ்சு போகும், ஹிஸ்டோகிராம் (வெளிச்சத்தோட கிராஃப்) பாத்து கொஞ்சம் அண்டர்ல, இருட்டா எடு. நாய்ஸ் ரிடக்‌ஷனையும் ஆஃப் பண்ணு.

சைதை_கரை:
அண்ணா அவர் உயிர் தப்பிச்ச கதை சொல்றாரு, நீங்க ஹிஸ்டோகிராம் சொல்றீங்க 🙂

என்னோடது காடு மலை இல்ல. 2015 டிசம்பர், அடையாறு வெள்ளம் வடிய ஆரம்பிச்ச சமயம், சைதாப்பேட்டைல எங்க வீட்டுப் பக்கம். தண்ணி இன்னும் வேகமாத்தான் போயிட்டிருந்துச்சு. புதுசா கேமரா வாங்குன வெறி, ஒரு கைப்பிடி சுவத்து மேல வெச்சு சாயங்கால வெளிச்சத்துல 2 செகண்ட் எடுத்தேன், நெஜமாவே பட்டுத்துணி விரிச்ச மாதிரி வந்துச்சு. பக்கத்துல ஒரு அம்மா, இடுப்புல ஒரு குடம், அதுக்குள்ள துணி. "காட்டு கண்ணு"ன்னாங்க. காட்டுனேன். ரொம்ப நேரம் பாத்துட்டு "இந்தாண்ட தான் எங்கூடு"ன்னு ஸ்க்ரீன்ல வெரல வெச்சாங்க. அவங்க வெரல் இருந்த எடத்துல ஒண்ணுமே இல்ல, வழவழன்னு வெள்ளையா இருக்கு. நிமிந்து ஆத்த பாத்தா அங்க ஒரு ஓலைக்கூரையோட முனை, தண்ணி மோத மோத ஆடிட்டு இருக்கு. 2 செகண்ட்ல அது அழிஞ்சுபோச்சு.

"நல்லா கீது"ன்னு சொல்லிட்டு போயிட்டாங்க. திட்டியிருந்தா கூட பரவால்ல.

குரோம்பேட்டை_77எம்எம்:
அதத்தான்மா நானும் சொல்றேன், ஷட்டர் ரொம்ப ஸ்லோ. 1/250 செகண்ட் வெச்சிருந்தா கூரை தெரிஞ்சிருக்கும்.

சைதை_கரை:
🙏

வேளச்சேரி_ட்ரைபாட்:
அண்ணா சொன்ன செட்டிங் எல்லாம் சரிதான், சண்டை வேணாம். நான் அடுத்த மாசமே திரும்பிப் போனேன், பெரியவருக்கு ஒரு போர்வை வாங்கிட்டு. பேர் கேக்கல, ஊர் கேக்கல, யாரப் போய் விசாரிக்கிறது? ஆடு மேய்க்கிற தாத்தான்னு கேட்டா ஊர்ல பத்து பேர காட்டுறாங்க. போர்வை இன்னும் எங்க வீட்டு பீரோலதான் இருக்கு. ஃபோட்டோ கேக்குறவங்களுக்கு, போடல. தண்ணி பாதிக்கு மேல பழுப்பா, கலங்கலா இருக்கு.

ஆவடி_ஜூம்:
ப்ரோ அந்த 10 ஸ்டாப் ஃபில்டர் 77 எம்எம் சைஸா? யூஸ் பண்ணலன்னா குடுக்குற ஐடியா இருக்கா?