அவசரம்: பில் அடிச்ச உடனே புரோகிராம் மூடிடுது, சி++ தெரிஞ்ச ஆக்கள் பாருங்கோ

வெள்ளவத்தைத்தம்பி, இரவு 10:14
புறக்கோட்டையில ஒரு ஹார்ட்வெயார் கடைக்கு பில்லிங் புரோகிராம் எழுதிக் குடுத்தனான், பிரின்டர் டிஎல்எல் (புரோகிராம் ஓடேக்க கூப்பிடுற தனிக் கோட் பைல்) ஒண்டோட சேர்த்து ஓடுது, பில் வெளிய வருது அடுத்த செக்கன் புரோகிராம் மூடிடுது. போன கிழமை வரைக்கும் நல்லா ஓடினது. விடிய 8 மணிக்கு முதலாளி கோல் எடுப்பார் அண்ணாமார், கெதியா சொல்லுங்கோ.

கொட்டாஞ்சேனை77
எந்த விண்டோஸ்? எந்த கம்பைலர்? 32 பிட்டா 64ஆ? ஈவென்ட் வியூவர்ல (விண்டோஸ் பிழையளைக் குறிச்சு வைக்கிற இடம்) என்ன கோட் இருக்கு?

மின்மினி
ரேம் பழுதா இருக்கும். எங்கட கடையிலயும் இப்பிடித்தான், ரேமை மாத்தினாப் பிறகு சரி.

வெள்ளவத்தைத்தம்பி
விண்டோஸ் 10, விசுவல் ஸ்டூடியோ 2022, 32 பிட். கோட் சி0000374. என்ட லேப்டொப்லயும் அதே க்ராஷ், அதால ரேம் இல்ல.

ஒருவழிப்பாதை
ரன்டைம் லைப்ரரியை (சியின்ட அடிப்படைப் பங்க்ஷன்கள் இருக்கிறது) ஸ்லாஷ் எம்ரிக்கு, அதாவது புரோகிராமுக்குள்ளயே சேர்த்துக் கட்டுற மாதிரி, மாத்துங்கோ, நான் எல்லாத்தையும் அப்பிடித்தான் கட்டுறன்.

பழையகை
சி0000374 எண்டா ஹீப் (புரோகிராம் ஓடேக்க மெமரி கேட்டு எடுக்கிற இடம்) கெட்டுப்போச்சு எண்டு அர்த்தம், இது முதல் வருசப் பாடம். ஊகத்தை விட்டுட்டு அந்த டிஎல்எல்லுக்கு டம்ப்பின் ஸ்லாஷ் டிபெண்டன்ட்ஸ் அடிச்சுப் பாரும், அது வேற எந்த டிஎல்எல்லுகளை நம்பி நிக்குதெண்டு காட்டும்.

வெள்ளவத்தைத்தம்பி
எம்ரி போட்டும் க்ராஷ். டம்ப்பின்ல எம்எஸ்விசிஆர்90.டிஎல்எல் எண்டு ஒரு வரி இருக்கு.

பழையகை
அது விசுவல் ஸ்டூடியோ 2008ட ரன்டைம். உம்மட எக்ஸி (புரோகிராம் பைல்) ஓடுறது யூசிஆர்ரி எண்ட புது ரன்டைம்ல. ஒரே புரோசஸுக்குள்ள ரெண்டு ரன்டைம் நிக்குது, 2008 தனக்கெண்டு வேற ஹீப் உருவாக்கி அதுலதான் மலோக் பண்ணும் (மெமரி எடுக்கும்), உம்மட ஃப்ரீ (எடுத்ததை விடுறது) அந்தத் துண்டை புரோசஸ் ஹீப்பில திருப்பிக் குடுக்கப் போய் விழுது. டிஎல்எல் தந்த பொயின்டரை (மெமரி முகவரி) எங்கயாவது ஃப்ரீ பண்ணுறீரா?

வெள்ளவத்தைத்தம்பி
ஓம் அண்ணா. பிரின்டர் நிலைமையை சார் ஸ்டார்ல (எழுத்துகளைக் காட்டுற பொயின்டர்) தருது, பின்னேரமாகேக்க மெமரி ஏறுதெண்டு வெள்ளிக்கிழமைதான் ஃப்ரீ போட்டனான். அதைச் சொல்ல மறந்துட்டன்.

கொட்டாஞ்சேனை77
அந்த ஒரு வரிதான் தம்பி விசயமே. டிஎல்எல்லின்ட ஹெடர் பைலை (அதில இருக்கிற பங்க்ஷன் பட்டியல்) கடைசி வரைக்கும் வாசிங்கோ, டிஎல்எல் எடுத்ததை டிஎல்எல்தான் விடணும், அதுக்கு ஒரு பங்க்ஷன் குடுத்திருப்பாங்க.

ஒருவழிப்பாதை
எம்ரியும் எம்டியும் (ரன்டைம் தனி டிஎல்எல்லா நிக்கிறது) கலந்து மலோக் ஃப்ரீ செய்து எனக்கு ஒருநாளும் விழேல்லயே. இன்டர்நெட் இல்லாத கடையில ஒரே எக்ஸியை பென் டிரைவ்ல கொண்டு போய்ப் போட்டா வேலை முடிஞ்சுது, ரீடிஸ்ட் (ரன்டைம் டிஎல்எல்லைப் போடுற இன்ஸ்டோலர்) தேடி அலையத் தேவையில்ல.

பழையகை
2012ல இருந்து வந்த ரன்டைம் எல்லாம் புரோசஸ் ஹீப்பையே எடுக்குது, ரிலீஸ்ல (வெளிய குடுக்கிற பில்ட்) நீர் தப்பினது அதாலதான். ஒரு பக்கத்தை டீபக்ல (பிழை தேடுற பில்ட்) கட்டிப் பாரும், டீபக் ஹீப் ஒவ்வொரு துண்டுக்கும் முன்னால தன்ர குறிப்புத் துண்டு ஒண்டு வைக்கும், உடனே விழும்.

கொட்டாஞ்சேனை77
எக்ஸி ஒண்டு மட்டுமெண்டா எம்ரி பரவாயில்ல. மூண்டு டிஎல்எல்லும் எம்ரி எண்டா மூண்டு ரன்டைம் பிரதி, எர்னோ (கடைசிப் பிழை எண்) வேற வேற, ஒண்டு எஃப்ஓப்பன் பண்ணின பைலை மற்றது எஃப்குளோஸ் பண்ண ஏலாது. பாதுகாப்புத் திருத்தம் வந்தா திரும்பக் கட்டிக் கடை கடையா ஏறி இறங்கணும்.

ஒருவழிப்பாதை
ரீடிஸ்ட் பழசு கிடந்தாலும் ஓடாதுதானே?

கொட்டாஞ்சேனை77
விசுவல் ஸ்டூடியோ 2015ல இருந்து 2022 வரைக்கும் ஒரே ரீடிஸ்ட், புதுசைப் போட்டா பழசுக்கும் சரி.

வெள்ளவத்தைத்தம்பி, இரவு 12:51
கிடைச்சிட்டு. ஹெடர்ல கடைசிக்கு முதல் வரி, அவங்கட ஃப்ரீ பங்க்ஷன். 5000 தரம் லூப்ல விட்டன், மெமரி ஏறேல்ல. நன்றி, படுக்கப் போறன்.

ஒருவழிப்பாதை
அந்த ரீடிஸ்ட் எக்ஸ்86ஆ எக்ஸ்64ஆ போடுறது, விண்டோஸ் 64 பிட் எண்டா?

பழையகை
புரோகிராம் 32 எண்டா எக்ஸ்86. விண்டோஸைப் பாக்காதேயும்.